பழ ஈப் பொறி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

பழ ஈக்கு வைத்த இனக்கவர்ச்சிப் பொறி வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால், மேலும் சில கேள்விகள் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஈ வரவே இல்லையா? வந்து சுற்றிவிட்டுப் போய்விடுகிறதா? முதல் வாரம் மழையாய்க் கொட்டிவிட்டு அப்புறம் நின்றுபோனதா? இல்லை, பொறி நிறைய ஈ கிடந்தும் பழத்தில் புழு நெளிகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. நடைமுறையில் எல்லாவற்றுக்கும் நாம் செய்வது ஒன்றுதான்: லூர், அதாவது ஈயை இழுக்கப் பொறிக்குள் வைக்கும் மணப்பொருள், சரியில்லை என்று முடிவுகட்டி, வேறு கம்பெனி லூரை வாங்கி மாட்டுகிறோம். பல நேரம் பழைய லூர் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும்.

மாந்தோப்பிலோ பந்தல் காய்கறியிலோ புதிதாக வாங்கிய லூரைச் சோதித்துப் பார்க்கும் விவசாயிக்கும், இரண்டு மூன்று லூர்களை ஒப்பிட்டு ஆய்வு நடத்தும் வேளாண் மாணவருக்கும் இது பயன்படும். உங்கள் பொறியில் தெரியும் அறிகுறி எதுவோ, நேராக அந்தப் பகுதிக்குப் போய்விடலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எந்த ஈக்கு எந்த லூர்

மா, கொய்யா போன்ற பழங்களைக் குத்துகிற ஈக்களில் நம் பக்கம் முக்கியமானவை மூன்று: பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், பாக்ட்ரோசெரா சொனாட்டா, பாக்ட்ரோசெரா கரெக்டா. மூன்றுக்கும் மீத்தைல் யூஜினால் என்ற லூர். பாகல், புடல், பீர்க்கு, சுரை, பூசணி, தர்பூசணி என்று கொடிக்காய்களைக் கெடுப்பது சூகோடாகஸ் குக்குர்பிட்டே. அதற்குக் கியூலூர். பந்தலில் மீத்தைல் யூஜினாலைத் தொங்கவிட்டால் பக்கத்து மாமரத்து ஈ வந்து விழும், பாகற்காயைக் குத்தும் ஈ விழாது. எண்ணிக்கை இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம், காய் அழுகிக்கொண்டிருக்கும்.

இரண்டு லூருமே ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். டார்சாலிஸ் ஆண் மீத்தைல் யூஜினாலை மோந்து பார்த்துவிட்டுப் போவதில்லை, நக்கித் தின்கிறது. அது உடலுக்குள் வேறு வேதிப்பொருள்களாக மாறி, பின்குடலை ஒட்டிய சுரப்பியில் சேர்கிறது. அந்தி நேரத்தில், இணைசேரும் வேளையில், அந்த மணத்தை வெளியே விட்டுப் பெண்ணை அழைக்கிறது. துளசியில் இந்தப் பொருள் இயற்கையாகவே உண்டு. கசக்கிய துளசி இலையை வைத்து ஈ பிடிப்பது வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். இதன் கவர்ச்சி முதலில் தெரியவந்ததும் நம் நாட்டில்தான். பீகாரின் பூசாவில் வேலை பார்த்த பூச்சியியலாளர் ஹவ்லெட், சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈக்கள் வந்து மொய்ப்பதை 1912இல் எழுதினார். அந்த எண்ணெயில் ஈயை இழுக்கும் சரக்கு எது என்று தேடிப்போய் மீத்தைல் யூஜினாலைப் பற்றி எழுதியது 1915இல்.

கியூலூரின் குணம் வேறு. மெதுவாகத்தான் ஆவியாகும், இழுப்பும் குறைவு. மீத்தைல் யூஜினால் பொறியில் விழும் எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு கியூலூர் பொறியைப் பார்த்தால் ஏமாற்றம்தான்.

அறிகுறி: ஒரு வாரமாகியும் ஒரு ஈகூட விழவில்லை

லூர் பொருத்தம் சரி என்றால், முதலில் காலண்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டு மாந்தோப்புகளில் பனிக்காலத்தில் ஈ மிகக் குறைவு. காய் முற்ற முற்ற, கோடை மழை ஒன்றிரண்டு விழ விழ, எண்ணிக்கை ஏறும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கடைசியாக வரும் நீலம் ரகம் அதிகமாக அடி வாங்குவது இதனால்தான். தை மாதத்தில், காயே இல்லாத தோப்பில் லூரைச் சோதித்துப் பூஜ்யம் கண்டால், அந்தப் பூஜ்யத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

தோப்பில் ஈ இருக்கிறதா, லூரில் உயிர் இருக்கிறதா, பொறியில் தப்பா என்பதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவே, வெயில் ஏறாத நேரத்தில், மர நிழலில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, லூரைச் சில சொட்டு விட்டு நனைத்த பஞ்சை அதன்மேல் வையுங்கள். கட்டையாக வாங்கிய லூர் என்றால் கட்டையையே வைக்கலாம். சற்றுத் தள்ளி உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். தோப்பில் டார்சாலிஸ் ஆண்கள் ஓரளவு இருந்தால், மீத்தைல் யூஜினாலுக்குச் சில நிமிடங்களிலேயே முதல் ஈ வந்து உட்காரும். கியூலூருக்கு இன்னும் பொறுமை வேண்டும்.

பஞ்சுக்கு ஈ வந்து பொறிக்கு வரவில்லை என்றால் கோளாறு பொறியில் அல்லது அது தொங்கும் இடத்தில். பஞ்சுக்கும் வரவில்லை என்றால், நல்லது என்று ஏற்கெனவே தெரிந்த வேறொரு லூரை அதே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வந்தால் உங்கள் லூர் போலி அல்லது கெட்டுப்போனது. அதற்கும் வரவில்லை என்றால் தோப்பில் இப்போது ஈ இல்லை, அவ்வளவுதான். எந்தச் சோதனையிலும் இப்படி நம்பகமான லூர் ஒன்று கூடவே இருக்க வேண்டும். அது இல்லாமல் நடத்தும் சோதனையில் கிடைக்கும் பூஜ்யத்தை விளக்க முடியாது.

இடம் என்று எடுத்துக்கொண்டால்: தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம், மரத்தின் நிழல் பக்கம், காற்று புகுந்து போகும் கிளை. இலை பொறியின் வாயை மறைக்கக் கூடாது. நடு வெயிலில், மொட்டைக் கம்பத்தில் கட்டிய பொறிக்கு ஈ நெருங்கத் தயங்கும், லூரும் வேகமாகக் காய்ந்துபோகும். பந்தல் என்றால் பந்தலுக்குக் கீழே, காய் தொங்கும் மட்டத்தில்.

பலர் மறந்துவிடும் காரணங்கள் இன்னும் இரண்டு உண்டு. மண்ணிலிருந்து புதிதாக வெளிவந்த ஆண் ஈ உடனே லூருக்கு வராது. அது வயதுக்கு வர வேண்டும், அதற்கு ஏறக்குறைய பத்துப் பதினைந்து நாள் ஆகும். மழைக்குப் பிறகு தோப்பில் ஈ பறப்பதைக் கண்ணால் பார்த்தும் பொறி காலியாக இருந்தால், பெரும்பாலும் எல்லாம் இளசு. பொறுத்திருந்தால் விழும். இரண்டாவது, ஒருமுறை வயிறு நிறைய மீத்தைல் யூஜினால் தின்ற டார்சாலிஸ் ஆணுக்குக் கொஞ்ச நாளைக்கு அதில் பழைய ஆர்வம் இருக்காது. பக்கத்துத் தோட்டத்தில் கொல்லும் மருந்து இல்லாமல் வெறும் லூரைத் தொங்கவிட்டிருந்தால், அங்கே தின்றுவிட்டு வரும் ஈ உங்கள் பொறியைத் திரும்பிப் பார்க்காமல் போகலாம்.

அறிகுறி: ஈ வருகிறது, சுற்றுகிறது, விழுவதில்லை

இது லூர் கோளாறு இல்லை. லூர் தன் வேலையைச் செய்துவிட்டது, ஈயைக் கொல்லும் பகுதிதான் தூங்குகிறது. கட்டையில் ஊறிய பூச்சிக்கொல்லி லூருக்கு முன்பே வீரியம் இழந்துவிடுவது சகஜம். காலை எட்டு மணிக்குப் பொறியை ஆட்டாமல் உள்ளே பாருங்கள். உயிரோடு நடமாடும் ஈ நிறைய இருந்து, அடியில் செத்தது குறைவாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பூச்சிக்கொல்லியைப் புதுப்பிக்கலாம். அல்லது தண்ணீர்ப் பாட்டிலில் செய்த பொறி என்றால், அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றிச் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடலாம். சோப்பு, நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் ஈ மிதக்காமல் மூழ்கும். பழைய துண்டறிக்கைகளில் டைக்குளோர்வாஸ் நனைத்த பஞ்சு என்று இருக்கும். அந்த மருந்து 2020 இறுதியோடு இந்தியாவில் தடையாகிவிட்டது, தேடி அலைய வேண்டாம். மற்ற மருந்துகளுக்கும் அந்தப் பயிருக்கு அனுமதி உண்டா என்று லேபிளைப் பார்த்துவிடுவது நல்லது. நாற்றம் கடுமையான மருந்தைத் தாராளமாக ஊற்றினால் ஈ கிட்டே வராமலும் போகலாம். ஆகவே அளவு முக்கியம்.

பாட்டிலின் துளை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஈ வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும். துளைகள் மேல்பாதியில், வெளிச்சம் புகும் பக்கமாகவே இருந்தால் வந்த வழியே போய்விடும்.

அறிகுறி: முதலில் கொட்டியது, பிறகு குறைந்துபோனது

லூர் தீர்ந்திருக்கலாம். அல்லது சுற்றுவட்டாரத்து ஆண்கள் குறைந்திருக்கலாம். அல்லது அறுவடை முடிந்து ஈயே கலைந்திருக்கலாம். எல்லாப் பொறியிலும் ஒரே நாளில் லூரை மாற்றிவிட்டால் இதில் எது என்று கடைசிவரை தெரியாது. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பொறிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றில் மட்டும் புது லூர் வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் புது லூர் பொறிகளில் மட்டும் எண்ணிக்கை ஏறியிருந்தால் பழைய லூர் தீர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் லூரைக் குறை சொல்ல வேண்டியதில்லை, ஈதான் குறைந்திருக்கிறது.

ஒரு லூர் எவ்வளவு நாள் தாங்கும் என்பது அதை எதில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பாலிமரில் ஏற்றியது 4 முதல் 10 வாரம், பஞ்சில் ஊற்றிய திரவம் 4 முதல் 8 வாரம் என்பது பன்னாட்டு வழிகாட்டிகளில் காணும் கணக்கு. கத்திரி வெயிலில் கீழ் எல்லையை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இந்தியாவில் பரவலாகச் செய்யும் ஒட்டுப்பலகைக் கட்டை முறையில் எத்தனால், மீத்தைல் யூஜினால், பூச்சிக்கொல்லி மூன்றையும் 6:4:1 விகிதத்தில் கலந்து, 5 செண்டிமீட்டர் சதுரக் கட்டைகளை 72 மணி நேரம் ஊறவைப்பார்கள். மரம் உள்ளே உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே விடும். சீக்கிரம் ஊறட்டும் என்று ஒரே இரவில் எடுத்துவிட்டால் மேலாக மட்டும் நனைந்திருக்கும். முதல் வாரம் கொட்டும், மூன்றாம் வாரம் ஓய்ந்துவிடும்.

தண்ணீரில் கலக்கும் முறை தனி ரகம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி மீத்தைல் யூஜினால், ஒரு மில்லி மாலத்தியான் கலந்து, பொறிக்கு 10 மில்லி வீதம் ஒரு ஹெக்டேரில் 25 இடங்களில் காலை 6 முதல் 8 மணிக்குள் வைப்பது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரை ஒன்று உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 மில்லி கரைசலில் இருக்கும் மீத்தைல் யூஜினால் ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு. அன்றன்றைக்கு ஈயைப் பிடித்து அழிக்க இது போதும், மாதக்கணக்கில் தாங்காது. போதாததற்கு மீத்தைல் யூஜினால் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெய்த் துளியாகப் பிரிந்து நிற்கும். கலக்காமல் ஊற்றினால் ஒரு பொறிக்கு எல்லாம் போய்ச் சேரும், அடுத்ததற்கு வெறும் தண்ணீர் போகும். ஒவ்வொரு முறை ஊற்றுவதற்கு முன்பும் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும்.

வாங்கி வைத்த லூரை அலுமினியப் பையிலிருந்து பிரித்துக் கொட்டகையில் போட்டுவைத்திருந்தால், அது மாட்டுவதற்கு முன்பே பாதி போயிருக்கும். பிரித்த அன்றே மாட்டிவிடுங்கள்.

அறிகுறி: பொறி நிறைய ஈ, ஆனாலும் பழத்தில் புழு

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பொறியில் கிடப்பது ஏறக்குறைய அத்தனையும் ஆண். பழத்தைக் குத்தி முட்டையிடுவது பெண். பொறியில் ஐந்நூறு ஈ கிடக்கிறது என்றால் ஐந்நூறு ஆண் அந்த மணத்துக்கு வந்தது என்று பொருள். பெண் எத்தனை, அதில் எத்தனை ஏற்கெனவே இணைசேர்ந்து முட்டையோடு இருக்கிறது என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

ஆணைப் பிடித்தால் பெண்ணுக்குத் துணை இல்லாமல் போய் இனம் குறையும் என்பது சரியான யோசனைதான். ஆனால் ஓர் ஆண் பல பெண்களோடு இணைசேரும். பத்தில் ஒன்பது ஆணைப் பிடித்துவிட்டால்கூட மிச்சம் இருப்பது போதும். ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாத அளவுக்குப் பிடித்தால்தான் பலன் தெரியும். அப்படிப் பிடித்துக் காட்டியும் இருக்கிறார்கள். பசிபிக்கில் மரியானா தீவுக்கூட்டத்தில் ரோட்டா என்ற சிறிய தீவில், 1960களின் தொடக்கத்தில், மீத்தைல் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய நார்ப்பலகைத் துண்டுகளைத் தீவு முழுக்க விமானத்திலிருந்து போட்டு டார்சாலிஸை ஒழித்தார்கள். ஜப்பான் தன் தெற்குத் தீவுகளில் இதே வழியில் போய் 1986இல் முடித்தது. அதே ஜப்பான், அதே தீவுகளில் கொடிக்காய் ஈயை ஒழிக்கக் கியூலூரை மட்டும் நம்பவில்லை. மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டுத்தான் 1993இல் அந்த வேலை முடிந்தது. இரண்டு லூருக்கும் உள்ள பலத்தின் வித்தியாசம் இதிலேயே தெரிகிறது.

நம் இரண்டு ஏக்கர் தோப்பு தீவு இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இணைசேர்ந்த பெண் ஈ பறந்து வந்து நம் காயைக் குத்தும், நம் பொறியால் அதைத் தடுக்க முடியாது. ஊர்த் தோப்புகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே சமயத்தில் வைத்தால் பலன் கூடும். தனியாக வைத்தால் பொறியை, எப்போது மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும் என்று காட்டும் கருவியாக எடுத்துக்கொள்வதே நியாயம் என்பேன்.

சரி, காயில் புழு இருக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பொறி எப்போது ஏறியது என்று பாருங்கள். இன்று பழத்தில் நெளியும் புழு, சில நாளுக்கு முன்பு இட்ட முட்டை. முட்டை ஓரிரு நாளில் பொரியும், புழு ஒரு வாரம் பழத்தைத் தின்னும், பிறகு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகப் பத்து நாள் போல் கிடக்கும். ஆக, இன்று மாட்டிய பொறியின் விளைவு அடுத்த தலைமுறையில்தான் தெரியும், ஒரு மாதம் ஆகிவிடும். காய் பழுக்கத் தொடங்கிய பிறகு மாட்டுவது காலம் கடந்த வேலை. அறுவடைக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே ஏற்றிவிட வேண்டும்.

மரத்தடியைப் பாருங்கள். குத்துப்பட்டு உதிர்ந்த பழம் அங்கேயே கிடந்தால் நாமே ஈ வளர்த்துக்கொண்டிருக்கிறோம். வாரம் இருமுறை பொறுக்கி, ஆழக் குழி தோண்டிப் புதைக்கலாம். அல்லது கருப்புப் பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிடலாம். குப்பைமேட்டில் கொட்டுவது எந்தப் பயனும் தராது. கோடை உழவில் மண்ணைப் புரட்டினால் கூட்டுப்புழு வெளியே வந்து வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். செலவில்லாத இந்த வேலையை விட்டுவிட்டு விலை உயர்ந்த லூரைத் தேடுவது எனக்கு எப்போதும் புரிந்ததில்லை.

பெண்ணுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? முட்டை உருவாகப் பெண் ஈக்குப் புரதம் வேண்டும். பந்தல் விவசாயிகள் வைக்கும் கருவாட்டுப் பொறிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான், அதில் பெண்ணும் வந்து விழும். வெல்லக் கரைசலோடு அனுமதிக்கப்பட்ட மருந்தைச் சேர்த்து இலைகளில் இடம்விட்டு இடம் தெளிப்பதும் இதே நோக்கம்தான். பாகல், சுரைக்குப் பிஞ்சிலேயே உறை மாட்டினால் ஈ குத்தவே முடியாது. ஆள் கூலி கட்டுப்படியாகும் சிறிய பந்தலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

"பொறி வைத்தால் பக்கத்துத் தோட்டத்து ஈ எல்லாம் நம்மிடம் வந்துவிடும்" என்ற பயமும் உண்டு. வருவது ஆண்தான். ஆண் பழத்தைக் குத்தாது. வந்தால் வரட்டும்.

பொறியால் சேதம் குறைந்ததா என்று உண்மையிலேயே சோதிக்க விரும்பினால் ஈயை எண்ணாதீர்கள், பழத்தை எண்ணுங்கள். பொறி வைத்த பகுதி, வைக்காத பகுதி இரண்டிலிருந்தும் நல்லது கெட்டது பாராமல் நூறு நூறு பழம் பறித்து, மணல் பரப்பிய பெட்டிகளில் வைத்து வலை கட்டி இரண்டு வாரம் விடுங்கள். மணலைச் சலித்தால் கூட்டுப்புழு கிடைக்கும். அந்த இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். இரண்டு பகுதியும் ஒட்டியே இருந்தால் ஈ இங்கும் அங்கும் பறந்து முடிவைக் கெடுக்கும், முடிந்தவரை தள்ளி எடுக்க வேண்டும். வாங்குபவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் அதோடு கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகியவற்றையும் நிறுத்தியபோது, சரக்கில் கிடைத்த பூச்சிகளில் பழ ஈயும் ஒன்று. மாம்பழத்துக்கு அந்தத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது. பொறியில் எத்தனை விழுந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அறிகுறி: லூர் இல்லாத வெற்றுப் பொறியிலும் ஈ விழுகிறது

ஒப்பீட்டுச் சோதனை நடத்துபவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஒன்றிரண்டு விழுந்தால் பரவாயில்லை, எண்ணி எழுதிக்கொள்ளலாம். பத்து இருபது என்று விழுந்தால் அந்தச் சுற்றையே தள்ளிவிட வேண்டியதுதான்.

பெரும்பாலும் கைதான் காரணம். மீத்தைல் யூஜினால் தொட்ட கையால் வெற்றுப் பொறியைத் திருகி மூடியிருப்பார்கள். அந்தத் தடயமே ஈக்குப் போதும். பிளாஸ்டிக் இந்த மணத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், சோப்புப் போட்டுக் கழுவினாலும் முழுதாகப் போகாது. போன சோதனையில் லூர் இருந்த பாட்டிலை இந்தச் சோதனையில் வெற்றுப் பொறியாக வைக்கவே கூடாது. எந்தப் பாட்டில் எந்த லூருக்கு என்று பெயிண்டால் குறி போட்டு வையுங்கள். வேலை செய்யும் வரிசையும் முக்கியம்: முதலில் வெற்றுப் பொறி, அடுத்து குறைந்த அளவு லூர், கடைசியில் அதிக அளவு. மீத்தைல் யூஜினாலும் கியூலூரும் ஒரே நாளில் என்றால் இரண்டுக்கும் தனித்தனிக் கையுறை.

கையுறை ஈக்காக மட்டும் இல்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் மீத்தைல் யூஜினாலை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றியது. வாசனை நன்றாக இருக்கிறது என்று வெறுங்கையால் அள்ளுவதைப் பார்க்கும்போது பகீர் என்கிறது.

கை சுத்தம் என்றால் இடைவெளியைப் பாருங்கள். ஐந்து மீட்டர் தள்ளிப் பலமான லூர் தொங்கினால், அதற்கு வந்த ஈயில் சில வழி தவறி வெற்றுப் பொறிக்குள்ளும் போகும். பொறிகளுக்கு இடையே 30 மீட்டராவது விடுங்கள், இடம் இருந்தால் 50. மீத்தைல் யூஜினால் அதற்கும் அப்பாலிருந்து இழுக்கக்கூடியது, ஆகவே முழுமையான பிரிவு சிறிய தோப்பில் சாத்தியமில்லை. இருக்கிற இடத்தில் எல்லா லூருக்கும் ஒரே இடைவெளி என்பதை விட்டுவிடாமல் இருந்தால் போதும்.

இரண்டு லூரையும் ஒரே பொறியில் கலந்து வைத்தால் செலவு மிச்சம் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. தனித்தனியாக வைப்பதே நல்லது. சேர்த்து வைத்தால் எண்ணிக்கை குறையவும் செய்யும், எந்த ஈ எதற்கு வந்தது என்பதும் தெரியாமல் போகும்.

அறிகுறி: ஒரே லூர், பொறிக்குப் பொறி பெரிய வித்தியாசம்

ஒரு பொறியில் இருநூறு, அதே லூர் வைத்த அடுத்ததில் எட்டு. இது லூரைப் பற்றிய செய்தி இல்லை, இடத்தைப் பற்றிய செய்தி. உதிர்ந்த பழக் குவியலுக்குப் பக்கம், காற்று வரும் ஓரம், முதலில் பழுக்கும் மரம் என்று ஏதாவது இருக்கும். ஆகவே லூர்களை ஒப்பிடும்போது ஒவ்வொரு முறை எண்ணிய பிறகும் பொறிகளை ஓர் இடம் நகர்த்துங்கள். ஐந்து லூர் என்றால் ஐந்து சுற்றில் ஒவ்வொரு லூரும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை தொங்கியிருக்கும். இடத்தின் பாரபட்சம் சமமாகிவிடும். இதைச் செய்யாமல் "அ கம்பெனி லூர் இரண்டு மடங்கு பிடித்தது" என்று சொன்னால், அ கம்பெனி லூர் தொங்கிய மரம் நல்ல மரம் என்பதைத்தான் சொல்கிறீர்கள்.

எண்ணிக்கையை எழுதும்போது ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஈ என்று மாற்றிக்கொள்ளுங்கள். மொத்த ஈயைப் பொறிகளின் எண்ணிக்கையாலும் நாள்களின் எண்ணிக்கையாலும் வகுப்பது, அவ்வளவுதான். 10 பொறி, 7 நாள், 350 ஈ என்றால் 5. உலகம் முழுக்க இந்தக் கணக்குதான். ஐந்து நாளில் எண்ணியதையும் பத்து நாளில் எண்ணியதையும் அப்போதுதான் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். மாணவர்களுக்கு ஒன்று: ஒரே ஒரு பொறியின் ஐந்நூறு, மொத்தச் சராசரியையும் இழுத்துவிடும். எண்களை மடக்கைக்கு மாற்றிவிட்டுப் பகுப்பாய்வு செய்வது இதற்காகத்தான்.

அறிகுறி: இறக்கையும் காலும் மட்டும் கிடக்கின்றன

எறும்பு. தொங்கும் கம்பியில் நடுவே கிரீஸ் தடவுங்கள், பக்கத்துக் கிளை பொறியைத் தொடாமல் வெட்டிவிடுங்கள். பல்லியும் சிலந்தியும்கூட வரும். இவை இருக்கும்வரை உங்கள் எண்ணிக்கை குறைவாகவே காட்டும்.

அறிகுறி: மழைக்குப் பிறகு பொறி செத்துவிட்டது

பொறிக்குள் தண்ணீர் நிரம்பி லூர் கட்டை முங்கியிருக்கும். உலர்பொறி (தண்ணீர் ஊற்றாத பொறி) என்றால் அடியில் ஊசித்துளை இரண்டு போட்டு வையுங்கள், மேலே மூடி அகலமாக இருக்கட்டும். மீத்தைல் யூஜினால் கட்டையைத் துடைத்துக் காயவைத்தால் ஓரளவு மீளும். கியூலூர் நனைந்தால் விஷயம் வேறு: ஈரம் பட்டால் அது ராஸ்பெரி கீட்டோன் என்ற பொருளாக உடையும். கொடிக்காய் ஈக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் அது காற்றில் எளிதில் ஏறாது, தூரத்து ஈக்கு எட்டாது. ஆகவே முங்கிய கியூலூரை மாற்றிவிடுவதே மேல்.

அறிகுறி: விழுவது வேறு எதுவோ

பழக்கூடையைச் சுற்றும் கடுகளவு ஈ விழுந்தால், பொறிக்குள் செத்த ஈ அழுகிப் புளித்துவிட்டது என்று பொருள். சுத்தம் செய்தால் போய்விடும். தேனீ விழுந்தால் பொறியின் நிறத்தைப் பாருங்கள். பளீர் மஞ்சள் தேனீயையும் கூப்பிடும். பூக்கும் காலத்தில் வேறு நிறத்துக்கு மாறிவிடுங்கள்.

பழ ஈதானா, எந்தப் பழ ஈ என்று பார்க்கக் கைக்கண்ணாடி ஒன்று போதும். டார்சாலிஸ் கருத்த முதுகும், இரு ஓரத்திலும் மஞ்சள் கோடும், வயிற்றில் ஆங்கில T எழுத்துப் போன்ற கருப்பு அடையாளமும் கொண்டது. இறக்கையின் முன்விளிம்பு நெடுகக் கருப்புப் பட்டை ஓடும். சொனாட்டா செம்பழுப்பு, இறக்கை நுனியில் பொட்டு மட்டும். கரெக்டாவுக்கும் இறக்கை அப்படித்தான், ஆனால் முதுகு கருமையாகவும் முகத்தில் குறுக்குக் கருங்கோடும் இருக்கும். கொடிக்காய் ஈயின் முதுகில் மஞ்சள் கோடு மூன்று, இறக்கையில் பெரிய கருந்திட்டு. வயிற்று நுனி ஊசிபோல் நீண்டிருந்தால் பெண், மழுங்கியிருந்தால் ஆண். மீத்தைல் யூஜினால் பொறியில் பெண் ஒன்றிரண்டு தற்செயலாக விழும். நிறைய விழுந்தால், உள்ளே அழுகும் ஈக்களின் வாடைக்கு வருகிறதா என்று சந்தேகப்படுங்கள்.

இனம் பிரிப்பதில் தடுமாறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கென்யாவில் 2003இல் கண்டுபிடிக்கப்பட்டு ஆப்பிரிக்க மாம்பழத்தைப் பாடாய்ப் படுத்திய ஈக்கு 2005இல் பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். இலங்கையிலும் அதே ஈ இருப்பதைச் சொன்னார்கள். பத்து ஆண்டு ஆராய்ந்த பிறகு 2015இல், அது டார்சாலிஸேதான் என்று முடிவானது. அதனால் ஒவ்வொரு சோதனையிலும் பத்திருபது ஈயைச் சாராயத்தில் போட்டு, எந்தத் தோப்பு, எந்தத் தேதி, எந்த லூர் என்று பென்சிலால் எழுதிய சீட்டோடு மூடி வையுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.